மிஸ்ஸிங்: ஒரு சத்தத்தின் சரித்திரம்



மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நானும் எல்லோரையும் போல ஹாஸ்டல் நினைவுகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். மெஸ் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்பே பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். எனவே அதை விட்டுவிட்டு, சென்ற முறை சந்திப்புக்கு வந்தபோது நம் ஆட்டோமொபைல் லாபில் பார்த்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகியிருந்தார். ஐட்லிங்கில் எஞ்சின் குலுங்கிக்கொண்டிருந்தது. திரையில் பி0301 என்று வந்தது.

"முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் சார்."

"சரி தம்பி, ஏன் மிஸ் ஆகுது?"

"அது கோடுல வரலையே சார்!"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த "ஏன்" என்னை விடவில்லை. 2001-இல் அதே கேள்வியை நான் கேட்கத் தவறியதால் என் மாமா தன் பிழைப்பை இழந்தார். அந்தக் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் சரித்திரம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த நோய்க்கு ஒரே பெயர்தான்: "மிஸ்ஸிங்". "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்றால் சின்னப் பையனுக்கும் புரியும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், சிலிண்டர் ஒன்றுக்கு 350 தடவை பெட்ரோல் எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் அந்த 350-உம் வெற்றடி. மற்ற மூன்றும் இழுக்க, எஞ்சின் நொண்டுகிறது. வேகமாக ஓடும்போது அந்த நொண்டல் அவ்வளவாகத் தெரியாது. ஐட்லிங்கிலோ உள்ளே போகும் கலவையே கொஞ்சம். அதில் சின்னக் குறை என்றாலும் வெளியே தெரிந்துவிடும். ஐட்லிங்கை எஞ்சினின் நாடி என்று எங்கள் காலத்து மெக்கானிக்குகள் சொன்னது சும்மா இல்லை.

காரணங்கள் ஆயிரம் இருந்தாலும் வேர் நான்குதான்: காற்று, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன். இந்த நான்கில் எது குறை என்று கண்டுபிடிக்கும் வழி மூன்று காலங்களைக் கடந்து வந்திருக்கிறது.

முதலாவது, காதும் கையும் ஆண்ட காலம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன் முறைதான் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று நம் ஊர்க் கார்களிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்த நாளில் நம்மிடம் இருந்த கார்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1957-இல் வந்த, வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர். பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட், அதாவது பிற்காலத்துப் பத்மினி. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதே 1961-இல் பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலை கார்களுக்கான மின் சாமான்களை இங்கேயே செய்தது. புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. இருக்கும் வண்டியை எப்படியாவது ஓட வைத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் நம் மெக்கானிக்குகளின் காது கூர்மையாயிற்று.

அவர்கள் செய்த சோதனைகளைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் "மாட்டிக்கிட்டான்" என்பார்கள். பிளக்கின் முனை மசிக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. மேனிஃபோல்டு இணைப்பில் எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு ஐட்லிங் சீரானால் கேஸ்கட் வழியே காற்று திருட்டுத்தனமாகப் போகிறது என்று பொருள். அம்பாசிடர் வகை எஞ்சினுக்கு பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம் என்பது பள்ளிக்கூடம் போகாத பையனுக்கும் மனப்பாடம்.

(இன்றைய மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஓடும் எஞ்சினில் ஒயர் பிடுங்கும் வித்தையை இப்போதைய வண்டியில் செய்யாதீர்கள். ஷாக் பலமாக அடிக்கும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும்.)

இரண்டாவது, கருவிகளின் காலம். டைமிங் லைட், கம்ப்ரஷன் கேஜ், வேக்குவம் கேஜ் ஆகியவை நம் லாபிலும் இருந்தன. வேக்குவம் கேஜ் மலிவானது, ஆனால் மகா புத்திசாலி. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை முள் ஆடாமல் காட்டும். ஆயிரம் அடி மேலே ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஊட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பயப்படக் கூடாது! முள் ஆடாமல் தாழ்ந்தே நின்றால் காற்று ஒழுகல் அல்லது டைமிங் பின்தங்கல். தாளம் தவறாமல் விட்டு விட்டுக் கீழே துள்ளினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. இவ்வளவையும் நாங்கள் ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் போட்டுக் கையெழுத்து வாங்கினோம். ஓடும் எஞ்சினில் மாட்டிப் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் இருக்கலாம். நான் அதில் இல்லை.

இனி மாமாவின் கதை. அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சொந்தமாக ஓட்டி, கல்யாணம், திருப்பதி, ஏர்போர்ட் என்று வாடகைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். 2001-இல் அந்த வண்டி ஐட்லிங்கில் குலுங்கத் தொடங்கியது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கை எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுவோம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எக்ஸாஸ்ட் வால்வுல டேப்பெட் கேப் குறைஞ்சுக்கிட்டே வருது. மூணு மாசத்துல ரெண்டு வாட்டி வெச்சுட்டேன். ஹெட்டை எறக்கிப் பாத்துடலாம்."

நான் சிரித்தேன். "தேய்ஞ்சா கேப் கூடத்தானே செய்யும் பாய், எப்படிக் குறையும்? இது கார்ப்பரேட்டர் கோளாறு."

மாமாவுக்கு என் மேல் அபார நம்பிக்கை. "மாப்ள இன்ஜினியர், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று புதுக் கார்ப்பரேட்டர் வாங்கினார். பிறகு காயில், பாயிண்ட், பிளக் எல்லாம் மாற்றினோம். குலுக்கல் போகவில்லை. ஸ்லோ ஸ்குருவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். சத்தம் அடங்கியது போல் இருந்தது. நோயைக் குணமாக்காமல் நாடியை மறைத்துவிட்டேன் என்பது அப்போது புரியவில்லை. ஆறே வாரத்தில் திண்டிவனம் ரோட்டில், பயணிகளோடு வண்டி நின்றது. கருகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு உடைந்து உள்ளே விழுந்து, பிஸ்டனையும் சிலிண்டரையும் நாசம் செய்திருந்தது. சரிசெய்யக் கையில் பணமில்லை. இருந்ததைத்தான் கார்ப்பரேட்டரில் போட்டாயிற்றே! வண்டி புதுப்பேட்டைக்குப் போனது. மாமா அதன்பின் அடுத்தவர் காருக்கு டிரைவராகப் போனார்.

பாய் ஹெட்டைக் கழற்றிக் காட்டியபோதுதான் பார்த்தேன். எக்ஸாஸ்ட் வால்வுகள் தம் சீட்டுக்குள் புதைந்து போயிருந்தன. வால்வு மேலே ஏற ஏற டேப்பெட் கேப் குறையும். கேப் போனால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு சூடு தணியாமல் கருகும். புத்தகத்தில் படித்திருந்த நான் தேய்மானத்தை ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்தேன். பாய் ஃபீலர் கேஜில் உண்மையைப் பார்த்தார்.

ஆனால் இத்தனை வருடம் புதையாத வால்வு அப்போது மட்டும் ஏன் புதைந்தது? விடை வண்டியில் இல்லை, பெட்ரோல் பங்கில் இருந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், கெட்டரிங் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சினில் 'நாக்கிங்' நிற்கும் என்று கண்டுபிடித்தார். ஆம், நமக்கு இக்னிஷன் தந்த அதே கெட்டரிங்தான்! 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டித் தேயாமல் காத்தது. அதை நம்பி அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் சாதாரண வார்ப்பிரும்பிலேயே சீட் வைத்தார்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் ஆகாது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகத்தில் கார்களுக்கான ஈயப் பெட்ரோலின் சகாப்தம் முடிந்தது. செய்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்டிக்குக் கடினமான வால்வு சீட் பதித்திருக்க வேண்டும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் வாடகை வண்டிக்கு அது அவசரத் தேவை. பத்திரிகையில் செய்தியைப் படித்தேன்; மாமாவின் வண்டியோடு முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது காலம்தான் உங்களுடையது. கலிஃபோர்னியாவில் 1988 மாடல் கார்களிலிருந்து வண்டியே தன் கோளாறைச் சொல்லும் ஓ.பி.டி. முறை கட்டாயமானது, 1996-இல் அதன் இரண்டாம் வடிவம் அமெரிக்கா முழுவதும் வந்தது. நமக்கு 2010-இலும் 2013-இலும் படிப்படியாக வந்தது. மிஸ்ஸிங்கை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? ஒரு சிலிண்டர் எரியாதபோது கிராங்க் ஷாஃப்ட் இம்மியளவு வேகம் குறையும். அதை சென்சார் எண்ணிப் பார்க்கிறது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து பாய் உணர்ந்த அதே நொண்டல்தான்! ஆனால் எந்தச் சிலிண்டர் என்பதுவரைதான் கோடு. ஒன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டுக்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 என்று நகர்ந்தால் குற்றவாளி காயில். நகராவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தொடருங்கள். பழைய பட்டறை வழிதான் இதுவும்.

இன்று மறுபடியும் பெட்ரோல் மாறியிருக்கிறது. 2023-இல் இ20 வந்தது. 2025-இல் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் இருப்பதால், கார்ப்பரேட்டர் வண்டியில் கலவை மெலியும். பழைய ரப்பர் ஹோஸும் டயஃப்ரமும் கெடும். டேங்கில் படிந்த அழுக்கு கரைந்து ஜெட்டை அடைக்கும். ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். உங்கள் அப்பாவின் பழைய கார் இப்போது ஐட்லிங்கில் குலுங்கினால், பாயிண்டைத் தொடுமுன் இந்தச் சரித்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாபில் அந்தத் தம்பியிடம் சொல்லாமல் வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் எது கெட்டது என்று கேளுங்கள். அத்தோடு, வண்டியைச் சுற்றி எது மாறியது என்றும் கேளுங்கள். பட்டறையில் நிற்பவர் ஒரு விசித்திரமான அறிகுறியைச் சொன்னால், உங்கள் புத்தகத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகத் தள்ளாதீர்கள். அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

மாமா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வுடு மாப்ள, வண்டிதானே" என்றார். பாய் மட்டும் அந்த எக்ஸாஸ்ட் வால்வின் மிச்சத்தை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது நம் லாபுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வளர்க நம் கல்லூரி!