இக்பா போயி
நைஜீரியாவின் இக்போ இளைஞர்கள் ஒரு வணிகரிடம் சில ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்துத் தொழில் கற்பதற்கு ‘இக்பா போயி’ என்று பெயர். இதை யாரோ ‘கொத்தடிமை முறை’ என்று தமிழில் எழுதியதைப் படித்து வருந்தினேன். ‘போயி’ ஆங்கிலத்தின் ‘பாய்’தான், காலனிக் கால வீடுகளில் வயதுவந்த வேலைக்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இக்போ வழக்கிலோ அது நாளை முதலாளியாகப் போகிறவரையும் குறிக்கிறது. காலம் முடிந்ததும் கடை வைக்க முதல் கொடுத்து அனுப்புவது முதலாளியின் கடமை. 1970இல் பியாஃப்ரா பிரிவினைப் போர் முடிந்தபின், வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் 20 பவுண்டு மட்டுமே கைக்கு வந்த இக்போ மக்கள் தலைநிமிர இந்த வழக்கம் பெருந்துணையாக இருந்தது. வணிகம் கற்பதற்கு ‘இமு ஆஹியா’ என்ற சொந்தச் சொல்லும் அவர்களிடம் உண்டு. ஆஹியா சந்தை, இமு கற்றல். இக்பா போயியைத் தமிழில் ‘வணிகம் பழகல்’ என்றே எழுதுங்கள்.