ஹிரோஷிமாவில் ஜப்பானிய மொழி படித்த மலாயா மாணவர்கள்



நம் பிள்ளைகள் சிலர் இப்போது பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் போய், ஒரு வருடம் மொழி படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. இதேபோல ஆசிய மாணவர்களை ஜப்பான் கூட்டமாக அழைத்துப்போய் மொழி கற்றுக்கொடுத்த பழைய கதை ஒன்று உண்டு. நான் வகுப்பில் நடத்திய எந்தப் பாடநூலிலும் அது வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியர் அதற்கு ஷோனான் என்று பெயரையே மாற்றினார்கள். மலாயா, ஜாவா, சுமத்ரா, பிலிப்பைன்ஸ், பர்மா எல்லாம் சில மாதங்களில் அவர்கள் கைக்குப் போயின. நாட்டைப் பிடிக்கப் படை போதும். அலுவலகம் நடத்த, உத்தரவை ஊர் மொழியில் சொல்ல, ஜப்பானிய மொழி தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும். பிரிட்டிஷார் நம்மிடம் குமாஸ்தாக்களை உருவாக்கிய அதே கணக்குதான்.

அதற்காக 1943, 1944 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாகச் சுமார் இருநூறு இளைஞர்களைக் கப்பலேற்றினார்கள். 'தென்பகுதிச் சிறப்பு மாணவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். பலர் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள். ஜப்பானியர் ஆதரவில் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதியான ஹோசே லாரலின் மகன் ஒருவரும் அவர்களில் இருந்தார். லியோகாதியோ தே அசிஸ் என்ற பிலிப்பைன்ஸ் இளைஞரோ பத்தானில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுக் கைதியானவர். அடுத்த ஆண்டே அவர் டோக்கியோவில் மாணவர்! அவருடைய நாட்குறிப்பு பின்னாளில் புத்தகமாகவும் வந்தது.

இதை உதவித்தொகை என்பதா, பிணை என்பதா? இரண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை டோக்கியோவில் இருக்கும்போது தகப்பன் ஊரில் எதிர்த்துப் பேசுவாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1943இல்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. ஒரே அரசு, ஒரே வருடம். ஒரு பக்கம் வகுப்பறை, இன்னொரு பக்கம் தண்டவாளம்.

டோக்கியோவில் கொகுசாய் காகுயூகாய் என்ற வெளிநாட்டு மாணவர் நிறுவனம் முதலில் மொழி கற்றுக்கொடுத்தது. மலாய் பேசுகிறவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. 'வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான், வேற்றுமை உருபுகூடப் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. மலாயிலோ 'சாயா பெர்கி கெ செகோலா', அதாவது 'நான் போகிறேன் பள்ளிக்கு' என்ற வரிசை. அவர்கள் வாக்கியத்தையே திருப்பிப் போட்டு யோசிக்க வேண்டும். (இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.) கூடவே காஞ்சி எழுத்துகள், குளிர், ரேஷன் சாப்பாடு.

மொழி ஓரளவு கைவந்ததும் பல ஊர்க் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சிலர் ஹிரோஷிமா போனார்கள். 1945 ஆகஸ்டில் அங்கே இருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. மொத்தோயாசு ஆற்றங்கரையில் கோனான்ரியோ என்ற விடுதி. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

ஆகஸ்ட் 6, காலை 8.15. பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக் பல்கலைக்கழக வகுப்பில் இருந்தார். (மலேசியப் பிரதமராக இருந்த துன் அப்துல் ரசாக் வேறு.) கட்டடம் தலைமேல் சரிந்தது, இடிபாட்டிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்டார். கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப் பிழைக்கவில்லை. நகரத்துக்கு மேற்கே இட்சுகாய்ச்சியில் அவர் கல்லறை இருக்கிறது.

பிழைத்த மாணவர்கள் பல்கலைக்கழக மைதானத்திலேயே சில நாட்கள் தங்கி, காயம்பட்ட அக்கம்பக்கத்தாருக்குத் தண்ணீரும் சாப்பாடும் தேடிக் கொடுத்தார்கள். தங்கள் நாட்டைப் பிடித்துவைத்திருந்த நாட்டின் மக்களுக்கு! அதற்கு உதவியது அவர்கள் கற்ற அந்த மொழிதான். இப்படிப் பயன்படட்டும் என்று அதைக் கற்பித்த அரசு நினைத்திருக்கவே செய்யாது.

பிறகு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார்கள். ஜொகூரைச் சேர்ந்த சையது ஓமார் வழியில் கதிர்வீச்சு நோய் முற்றி, கியோட்டோவில் இறங்க வேண்டியதாயிற்று. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றிப் பார்த்தார். பலன் இல்லை. செப்டம்பர் 2இல் ஜப்பான் சரணாகதியில் கையெழுத்திட்ட அதே வாரத்தில் ஓமார் இறந்தார். வயது இருபதைத் தொடவில்லை.

மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். புருனையின் பங்கீரான் யூசுப் தன் நாட்டுத் தேசிய கீதத்தை எழுதினார், பிறகு முதலமைச்சரும் ஆனார். அப்துல் ரசாக் ஆசிரியரானார். நம் இனம் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1980களில் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை' என்று அறிவித்து மலேசிய மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கினார். போகிறவர்களுக்கு முதலில் மொழி வேண்டுமே! ஐ.டி.எம். கல்வி நிலையத்தில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்க நின்றவர் இந்த அப்துல் ரசாக்தான். எந்த மொழி படிக்கப்போய் அணுகுண்டில் மாட்டினாரோ, அதே மொழியை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சாக்பீஸ் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஹிரோஷிமா அனுபவத்தை வைத்து 'டெபு ஹிரோஷிமா' என்ற மலாய்ப் புத்தகம் 1987இல் வந்தது. 2013இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகம் அவருக்கும் இன்னும் இரண்டு பழைய தோழர்களுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்த ஆண்டே அவர் காலமானார்.

அரைகுறையாக நின்ற படிப்புக்கு 68 வருடம் கழித்துப் பட்டம். ஆசிரியராக இருந்தவனுக்கு இது சாதாரணமாகத் தெரியவில்லை.

ஹிரோஷிமா போகிறவர்கள் அமைதிப் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். விடுதி இருந்த ஆற்றங்கரையில் ஒரு நினைவுக்கல் உண்டு. பல்கலைக்கழகம் இப்போது ஊருக்கு வெளியே போய்விட்டது. ஆனால் ஹிகாஷிசெந்தாவில் அதன் பழைய அறிவியல் கட்டடம், குண்டைத் தாங்கியது, இன்னும் நிற்கிறது.

கியோட்டோவில் என்கோஜி என்ற புத்தக் கோயில், இச்சிஜோஜி பகுதியில். இலையுதிர் காலத்தில் செம்மேப்பிள் பார்க்கக் கூட்டம் அலைமோதும். சையது ஓமாரின் கல்லறை, முஸ்லிம் முறைப்படி, அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. 1601இல் தொகுகவா இயேயாசு அதைத் தொடங்கியபோது அது ஒரு பள்ளிக்கூடம். புத்தகம் அச்சடிக்கச் செய்த மர எழுத்துகளை இன்றும் அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.