புளியும் படிகமும்

கொங்கு நாட்டு அடியார்கள் இன்றும் கால்நடையாகச் சென்று வழிபடும் மாதேஸ்வரன் மலை, முன்னாளில் கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அத்தாலுகா மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. எல்லை மாறியதேயன்றிக் குழம்பின் சுவை மாறவில்லை. தமிழர் புளி என்பதைக் கன்னடர் ஹுணசே என்பர். மலைவாழ் சோளகர் தேன், நெல்லிக்காய் முதலியவற்றோடு அதனையும் சேகரித்து விற்பர்.

புளியின் புளிப்புக்கு முதற்காரணம் டார்டாரிக் அமிலம். கனிகள் பலவும் பழுக்கப் பழுக்கப் புளிப்புக் குறையும். புளியோ இனிப்பேறிய பின்னும் புளிப்பை விடுவதில்லை. அதன் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இவ்வமிலம் உண்டு. செம்பின் களிம்பைக் கரைப்பதும் இதுவே. தூய நிலையில் இது நிறமற்ற படிகம். நீரில் எளிதிற் கரையும். சமையல் சோடாவோடு நீரில் கலந்தால் நுரைத்துப் பொங்கும்.

எனினும் இதனை முதலிற் பிரித்தெடுத்தது புளியிலிருந்தன்று. திராட்சை மது தங்கும் பீப்பாய்களில் ஓர் உப்பு தானே படிகிறது. 1769-இல் ஸ்வீடன் நாட்டு ஷீலே அவ்வுப்பிலிருந்து அமிலத்தைப் பிரித்தார். 1848-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் என்னும் இளைஞர், இதன் இனத்து உப்பொன்றின் படிகங்களை நுணுகி நோக்கினார். வலக்கையும் இடக்கையும் போல அவை இருவகைப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் முனைவுற்ற ஒளியை வலப்புறமும் மற்றது இடப்புறமும் திருப்பின. ஒரே பொருளின் அணுச்சேர்க்கைக்கும் வலம், இடம் உண்டென்ற உண்மை இவ்வாறு விளங்கிற்று. மருந்துகள் சிலவற்றில் ஒருவகை குணந்தரும், மற்றது தீங்கு விளைக்கும் என்பதற்கு அடிப்படை இதுவே. நம் புளியில் இருப்பது வலப்புறம் திருப்பும் வகை.

1849-இல் ஃபேலிங் என்னும் ஜெர்மானியர் அமைத்த சர்க்கரைச் சோதனைக் கரைசலில் மயில்துத்தமும் இவ்வமிலத்தின் உப்பும் சேர்ந்துள்ளன. நீரிழிவு நோயாளர் பலரின் சிறுநீர் அக்கரைசலால் சோதிக்கப்பட்டது. ரோஷெல் உப்பு எனப்படும் அதே உப்பின் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். 1880-இல் கியூரி சகோதரர் இதனைக் கண்டனர். பிற்காலத்தில் ஒலிவாங்கிகளிலும் கிராமபோன் கருவிகளிலும் இப்படிகம் இடம்பெற்றது. வானொலி நேயர்களுக்கும் இவ்வமிலம் உறவுடையதன்றோ!

அங்ஙனமாயின் புளி மிகுந்த நம் நாட்டில் இவ்வாராய்ச்சி ஏன் பிறக்கவில்லை? நம்மவர் அறியாமை என்று சொல்லிவிடுதல் நியாயமன்று. மதுப் பீப்பாயில் இயற்கையே படிகத்தைப் பிரித்துக் காட்டிற்று. புளியிலோ அது பசைப்பொருளோடும் சர்க்கரையோடும் பின்னிக் கிடக்கிறது. பிரிக்கச் செலவு மிகும். இயற்கையான டார்டாரிக் அமிலம் இன்றும் பெரும்பாலும் மது மண்டியிலிருந்தே கிடைப்பதற்கும் காரணம் இதுவே. மலையிற் சேர்த்த புளி புளியாகவே எடைபோட்டு விற்கப்படுகிறது.

பள்ளி ஆய்வுக்கூடத்துப் புட்டியில் உள்ள வெண்பொடியைக் காட்டும் ஆசிரியர், "இது உன் வீட்டுப் புளிப்பானையில் உள்ளதே" என்று ஒரு சொல் சேர்த்துரைத்தால் நலம். படிகம் அந்நியப் பொருளன்று என்று அறிந்த மாணவனே, அதனைப் புளியிலிருந்து குறைந்த செலவிற் பிரிக்கும் வழியை ஒருநாள் தேடத் தொடங்குவான்.