தனியே நிற்காத பாஸ்பரஸ்

வெள்ளைப் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுத் தானே பற்றிக்கொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'ஃபோஸ்ஃபோர்'. ஒளியைச் சுமப்பது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சியபோது அது கிடைத்தது. இந்த முரட்டுப் பொருள் அடங்கி உட்கார்ந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பெர்ரோசீன். எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போகும் வேதியியல் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட வளையம் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஓர் இரும்பு அணு. அதனால் 'சாண்ட்விச்' என்று பெயர். 1951-இல் கீலியும் பாசனும் வேறொன்றைச் செய்யப் போய்க் கிடைத்த ஆரஞ்சு நிறப் பொருள் அது. காற்றில் கெடாது, 400 டிகிரிச் சூட்டையும் தாங்கும். அதன் அமைப்பை விளக்கிய வில்கின்சன், பிஷர் இருவரும் 1973-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்த வளையத்தில் ஒரு கார்பனை எடுத்துவிட்டுப் பாஸ்பரஸை உட்கார வைத்தால்? 1977-இல் பிரான்சில் பிரான்சுவா மத்தே குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். கார்பனும் அதனுடன் ஒட்டிய ஹைட்ரஜனும் சேர்ந்து வளையத்துக்குத் தந்த எலக்ட்ரான் கணக்கைப் பாஸ்பரஸ் தனியாகவே தந்துவிடுகிறது. ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஆள் மாறினாலும் இருக்கையின் வேலை நிற்கவில்லை.

1987-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷெரர் இன்னும் துணிந்தார். இரும்புச் சேர்மம் ஒன்றோடு வெள்ளைப் பாஸ்பரஸைச் சூடாக்கி, ஒரு பக்க வளையம் முழுவதையும் ஐந்து பாஸ்பரஸ் அணுக்களாலேயே அமைத்தார். அதே ஆண்டு மரியான் பௌட்லர் அந்த ஐந்தணு வளையத்தைத் தனி அயனியாகக் கண்டார்; ஆனால் அது கரைசலுக்குள் மட்டுமே இருந்தது. இரும்போடு சேர்ந்தபோதோ படிகமாக நின்றது. 2002-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் எல்லிஸ் குழுவினர் டைட்டானியத்தின் இரு பக்கமும் பாஸ்பரஸ் வளையத்தையே வைத்தார்கள். அந்த சாண்ட்விச்சில் கார்பனே இல்லை.

இதில் நம்மூர்ப் பங்கும் உண்டு. 2003-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து இ. ஜே. பத்மா மலர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நடுவில் இரும்புக்குப் பதில் லித்தியமோ பெரிலியமோ இருந்தால் பாஸ்பரஸ் சாண்ட்விச் நிலைக்குமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. உலையும் குடுவையும் இல்லை. கணினியில் குவாண்டம் கணக்குப் போட்டே நிலைப்புத் தன்மையை எடை போட்டார். பிற்பாடு மூன்றடுக்கு சாண்ட்விச்சுகளையும் ஆராய்ந்தார்.

ஆவடியில் ரயிலேறி கிண்டிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அங்கே இப்படி ஒரு கணக்கு நடந்தது நம் வீடுகளில் பேச்சாக வரவே இல்லை. தனியே விட்டால் எரிந்துபோகும் ஒன்று, தக்க துணை கிடைத்தால் நிலைத்து நிற்கும் என்பதை அணுவிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.