பரிசாக வந்த மான் பகையானது ஏன்?

மானை வேட்டையாடுவது சரியா, தவறா என்பது இன்றைய கருத்தரங்கின் கேள்வி. மான் என்றாலே நமக்கு மனம் இளகும். அந்தச் சாதுவான பிராணியைச் சுட யாருக்குத்தான் கை வரும் என்று கேட்போம். ஆனால், மானைச் சுடுவதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்த நாடு ஒன்று உண்டு. அது நியூசிலாந்து. அந்த நிலை ஏன் வந்தது என்பதை வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால்தான் நம் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

அரசியின் பூங்கா மான்

நியூசிலாந்தில் ஆதியிலிருந்தே தரையில் வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. அங்கே இலையையும் புல்லையும் மேய்ந்தவை பறவைகள்தாம். மானும் இல்லை, மானைத் தின்னும் புலியோ ஓநாயோ இல்லை.

19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு இது ஒரு குறையாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் மான் வேட்டை நிலப்பிரபுக்களின் உரிமை. சாதாரண மனிதன் மானைத் தொட்டால் தண்டனை. புதிய நாட்டிலாவது அந்தச் சுகத்தை அனுபவிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது. வெளிநாட்டு உயிரினங்களை வரவழைத்துக் காட்டில் விடுவதற்கென்றே சங்கங்கள் அமைத்தார்கள்.

1861இல் நெல்சன் பகுதியில் மூன்று செம்மான்கள் விடப்பட்டன. அடுத்த ஆண்டே விக்டோரியா மகாராணியின் வின்சர் பூங்காவிலிருந்து மான்கள் வந்து சேர்ந்தன. 1905இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அன்பளிப்பாக அனுப்பிய வாப்பிட்டி மான்கள் தென்மேற்கே ஃபியோர்ட்லாந்தில் இறக்கப்பட்டன. நம் பக்கத்து மான்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இந்தியப் புள்ளிமான் போனது, நிலைக்கவில்லை. 1870களில் இலங்கையிலிருந்து போன மிளா, மனாவத்து வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. இப்படி ஏழு வகை மான்கள் அந்த மண்ணில் நிலைபெற்றன.

தொடக்கத்தில் சட்டம் அவற்றைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தது. உரிமம் பெற்றவர்தான் சுடலாம், அதுவும் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே.

சட்டம் திரும்பியது

தடுக்க எதிரி இல்லை, தின்னத் தீனிக்குப் பஞ்சமில்லை. மான்கள் பெருகின. காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தன. நாளை மரமாக வேண்டியது இன்று மானின் வயிற்றுக்குள் போனது. பண்ணைக்காரர்களும் வனத்துறையினரும் புலம்பத் தொடங்கினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது!

1930இல் மானுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. அடுத்து, கேப்டன் யெரெக்ஸ் என்பவரின் தலைமையில் அரசாங்க வேட்டைக்காரர்கள் மலையேறினார்கள். மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் கூடாரத்திலும் குடிசையிலும் கிடந்து மான்களைச் சுட்டார்கள். கணக்குக் காட்டத் தோலையும் வாலையும் சுமந்து வந்தார்கள். மலைச்சரிவுகள் அரிக்கப்படுவதற்கு மானே காரணம் என்று அன்று நம்பினார்கள். அந்த அரிப்பில் பெரும்பகுதி மழையாலும் நிலநடுக்கத்தாலும் நேர்வது என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும், காட்டின் அடித்தளத்தை மான் மாற்றியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இதற்கு ஒரு சான்று தக்காஹே என்ற பறக்காத பறவை. அது அடியோடு அழிந்துவிட்டதாக ஐம்பது ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். 1948இல் ஃபியோர்ட்லாந்தின் மர்ச்சிசன் மலையில் டாக்டர் ஜெஃப்ரி ஆர்பெல் அதை மீண்டும் கண்டுபிடித்தார். அவரும் ஒரு மான் வேட்டைக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. அந்தப் பறவை உண்ணும் மலைப்புல்லையே செம்மானும் மேய்ந்தது. பறவையை வாழ வைக்க மானைக் குறைக்க வேண்டியிருந்தது.

வானத்திலிருந்து வந்த வேட்டை

1960களில் ஹெலிகாப்டர் வந்தது. காட்டு மான் இறைச்சி ஐரோப்பாவுக்கு, குறிப்பாக மேற்கு ஜெர்மனிக்கு ஏற்றுமதியானது. நேற்று வரை தொல்லையாக இருந்தது இன்று காசானது. 1969இல் மான் பண்ணைக்குச் சட்டம் இடம் கொடுத்ததும், உயிருள்ள மானுக்கு விலை ஏறியது. ஹெலிகாப்டரிலிருந்து மானின் மேல் குதித்து அதைப் பிடித்தார்கள் இளைஞர்கள். அதில் உயிர் விட்டவர்களும் உண்டு. அரசாங்கச் சம்பளம் சாதிக்காததைச் சந்தை சாதித்தது. மான்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஆனால், இறைச்சி விலை இறங்கிய காலங்களில் மான்கள் மீண்டும் பெருகின.

இன்று அங்கே இரு தரப்பு வாதம் நடக்கிறது. காட்டுக்கு அந்நியமான மான் குறைய வேண்டும் என்கிறார்கள் இயற்கைப் பாதுகாப்பாளர்கள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுச் சமையலும் பொழுதும் இந்த மானோடுதான் என்கிறார்கள் வேட்டைக்காரர்கள். 2013இல் சட்டப்படி அமைந்த வேட்டை விலங்கு மன்றம் இந்த இரண்டாம் தரப்புக்கும் குரல் கொடுத்தது.

நம் காட்டுக்கு என்ன பாடம்?

இலங்கையிலிருந்து போன அந்த மிளா நம் தீபகற்ப மலேசியக் காடுகளுக்கும் சொந்தமான விலங்கு. நாம் ரூசா என்று கேட்டுப் பழகியது அதைத்தான். அங்கே அது வந்தேறி. இங்கே அது மண்ணின் மைந்தன், நம் புலிக்கு இரையும் அதுவே. ஆனால், வேட்டையாலும் காடழிப்பாலும் இங்கே அது அருகிப்போனது. அதனால்தான் 2009இல் மிளாவை வேட்டையாட உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. 2022இல் நம் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளதாக அறிவிக்கப்பட்டது. மான் இல்லாத காட்டில் புலி எதைத் தின்று வாழும்?

ஆக, மான் வேட்டை சரியா, தவறா என்ற கேள்விக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அந்த மான் எந்தக் காட்டுக்கு உரியது என்பதே முதற்கேள்வி. நியூசிலாந்து மான்கள் தாமாகக் கடல் தாண்டிப் போகவில்லை. கப்பலில் ஏற்றி அனுப்பியவன் மனிதன். பாதுகாத்தவனும் அவன், பின்னர் சுட்டவனும் அவனே. இல்லாத இடத்தில் மானைக் கொண்டுபோய் விட்டவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் விலை கொடுக்கிறார்கள். இருக்கும் இடத்தில் அதை இழந்துவிட்டால், நாம் எந்த விலை கொடுத்தாலும் மீட்க முடியாது.