சீயத்துப் பந்தியும் அதன் பழமையும்

உலகின் பெருநகரங்கள் பலவற்றிலே இன்று தாய்லாந்து நாட்டு உணவுச்சாலைகள் காணப்படுகின்றன. இலண்டனாயினும் சிட்னியாயினும் லொஸ் ஏஞ்செல்ஸ் ஆயினும், அவற்றின் வாயிலிலே 'உண்மையான தாய்லாந்து உணவு' என்னும் வாசகம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே சென்று அமர்வோர் முன் புளிப்பும் உறைப்பும் மிக்க இறாற் சாறாகிய தொம் யம் குங் வைக்கப்படும். பச்சைப் பப்பாசிக்காயைச் சீவி உரலிலிட்டு இடித்த சொம் தம் வரும். தேங்காய்ப்பாலில் ஆக்கிய மஸ்ஸமன் கறியும், அரிசி நூடில்ஸை வறுத்தெடுத்த பட் தாயும் வரும். இவையெல்லாம் சீயதேசத்திலே தொன்றுதொட்டு வழங்கிவந்தவை என்றே உண்போர் எண்ணுவர். எந்த நாள் முதல் இவை அந்நாட்டுக்கு உரியவையாயின என்று ஆராயப் புகுந்தால், பந்தியிலே பழையது எது, புதியது எது என்பது எதிர்பாராத வகையில் இடம் மாறிவிடுகின்றது.

பழையது சோறும் மீனுமேயாம். 1292ஆம் ஆண்டுக்குரியதெனக் கொள்ளப்படும் இராமகாம்ஹேங் மன்னனின் கல்வெட்டு, சுகோதை நாட்டின் நீரிலே மீனும் வயலிலே நெல்லும் உண்டெனப் பெருமை பேசுகின்றது. அக்கல்வெட்டின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு; சீயத்து மக்கள் அக்கூற்றைத் தம் நாட்டின் இலக்கணமாகவே கொண்டுவிட்டனர். சீய மொழியில் உணவு உண்பதைக் 'கின் காவ்' என்பர். சோறு உண்ணுதல் என்பது அதன் பொருள். ஏனைய பதார்த்தங்கள் யாவும் 'கப் காவ்', அதாவது சோற்றோடு உண்பவை. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் தூதராக 1687ஆம் ஆண்டிலே சீயத்துக்கு வந்த சிமோன் த லா லுபேர் என்பார், தாம் கண்டவற்றை எழுதி 1691இல் நூலாக வெளியிட்டார். நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் அரிசியும் சிறிது உலர்ந்த அல்லது உப்பிட்ட மீனுமே சீயத்தான் ஒருவனுக்குப் போதுமானவை என்று அவர் எழுதினார். கூனி இறாலை உப்பிட்டு இடித்துப் புளிக்கவைத்த 'கபி' என்னும் கூட்டையும் அவர் குறிப்பிடுகின்றார். அதன் மணம் ஐரோப்பியருக்கு உவப்பானதன்று; எனினும் இன்றளவும் சீயத்துக் கறிக்கூட்டின் அடித்தளம் அதுவே.

அவர் கண்ட தலைநகரம் அயுத்தியா. கீர்த்தி சிறீ இராசசிங்கன் கண்டியில் ஆட்சி புரிந்த காலத்தில், 1753ஆம் ஆண்டில் உபாலி தேரர் இலங்கைக்கு வந்து உபசம்பதையை மீண்டும் நிறுவியதும் அந்நகரத்திலிருந்தே. ஆற்று வழியாகக் கடலோடு தொடர்புடைய அந்நகரிலே பாரசீகரும் சீனரும் யப்பானியரும் போத்துக்கேயரும் தத்தமக்கெனக் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அவர்களோடு அவர்தம் அடுப்புகளும் வந்தன.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போத்துக்கேயர், அவ்வாண்டிலேயே அயுத்தியாவுக்குத் தூதனுப்பினர். அமெரிக்கக் கண்டத்தின் செடியாகிய மிளகாய் ஆசிய நாடுகளிற் பரவியது அவர்களுடைய கப்பல் வழியே. அதற்கு முன்னர் சீயத்து உணவிற்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும் அரத்தையும் திப்பிலியுமாம். இம்மாற்றத்துக்குச் சீய மொழியே சான்று பகரும். 'பிரிக்' என்னும் சொல் ஆதியில் மிளகைக் குறித்தது. கடல் கடந்து வந்த மிளகாய் அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. பழைய மிளகோ, 'பிரிக் தாய்', அதாவது நாட்டு மிளகு என்று அடைமொழி கொடுத்துப் பிரித்துக் கூறவேண்டிய நிலையை அடைந்தது. தமிழிலும் மிளகு என்னும் சொல்லிலிருந்தே புதிய காய்க்குப் பெயர் பிறந்தது. ஆயினும் தமிழில் மிளகு தன் பெயரை இழக்கவில்லை. சீயத்திலே விருந்தினன் வீட்டுக்காரனாகவும், வீட்டுக்காரன் அடையாளம் கூறி நிற்பவனாகவும் ஆயினர். சொம் தம் என்னும் பதார்த்தத்தை எடுத்து நோக்கினால் வியப்பு இன்னும் மிகும். பப்பாசி, மிளகாய், தக்காளி, நிலக்கடலை ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. போதாக்குறைக்கு, இது பாங்கொக் நகரத்து உணவுமன்று. வடகிழக்கிலே லாவோ மொழி வழங்கும் ஈசான் பகுதியிலிருந்து கூலிவேலை நாடி நகருக்கு வந்த ஏழை மக்களோடு வந்தது.

திருமண விருந்துகளிலே மங்கலப் பண்டமாக வைக்கப்படும் பொன்னிழை போன்ற முட்டை இனிப்பும் போத்துக்கேயர் வழி வந்ததே. நாராய் மன்னனிடம் அமைச்சனாயிருந்த கொன்ஸ்தந்தீன் போல்கன் என்னும் கிரேக்கன் 1688ஆம் ஆண்டுப் புரட்சியிலே கொல்லப்பட்டான். அவன் மனைவி மரியா குயோமார், யப்பானிய இரத்தமும் போத்துக்கேய இரத்தமும் கலந்த குலத்தினள். துன்பங்கள் பல அடைந்த பின் அவள் அரண்மனைச் சமையற்கட்டிலே பணிபுரிந்தாள். அவ்வினிப்புகளைச் சீயத்தாருக்குக் கற்பித்தவள் அவளே என்பது அந்நாட்டு வழக்கு. கணவனையும் செல்வத்தையும் இழந்த ஒருத்தியின் கைப்பண்டம் அந்நாட்டு மணமக்களுக்கு நல்வாழ்வின் அடையாளமாயிற்று.

மஸ்ஸமன் என்பது முசல்மான் என்னும் சொல்லின் திரிபு. ஏலம், கறுவா, கராம்பு, சீரகம் முதலிய வாசனைச் சரக்குகள் சேர்ந்த அக்கறியை, இரண்டாம் இராமர் இயற்றியதெனப்படும் செய்யுளொன்று புகழ்கின்றது. பாரசீகத்தின் கும் நகரிலிருந்து அயுத்தியாவுக்கு வந்து உயர்பதவி பெற்ற ஷேக் அகமது என்பாரின் வழித்தோன்றல்களே புகழ்பெற்ற புன்னாக் குடும்பத்தினர். 1908ஆம் ஆண்டளவில் அச்சேறி, சீய மொழிச் சமையல் நூல்களுள் முன்னோடியாகப் போற்றப்படும் நூலை எழுதிய பிலியன் சீமாட்டியாரும் அக்குடும்பத்து மருமகளே. மஞ்சள் நிறக் கறியொன்றை அந்நாட்டார் 'கேங் கரீ' என்று அழைப்பர். அதிலுள்ள 'கரீ' என்பது தமிழ்க் கறியின் தொலைதூர எதிரொலி.

இவையெல்லாம் தாமாக வந்தவை. மக்கள் விரும்பி ஏற்றவை. பட் தாயின் கதை வேறு. 1938இன் இறுதியிலே பிரதமரான பிபுன் சொங்கிராம், 1939ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள் சீயம் என்னும் பெயரைத் தாய்லாந்து என மாற்றினார். தொடர்ந்து வெளிவந்த பண்பாட்டுக் கட்டளைகளுள் ஒன்று, உள்நாட்டு விளைபொருளாலான உணவையே மக்கள் உண்ண முயலவேண்டும் என்றது. 1941இல் வெளியான மற்றொன்று, குறித்த வேளைகளில், நான்கு வேளைக்கு மேற்படாமல் உண்ணவேண்டும் என்று பணித்தது. வெற்றிலை போடுவதும் தடுக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டிலே பெருவெள்ளம் பாங்கொக்கைச் சூழ்ந்தது. போர்க்காலத் தட்டுப்பாடும் சேர்ந்தது. அரசாங்கம் நூடில்ஸ் உண்ணுமாறு மக்களை ஊக்கியது. முழு அரிசியைச் சேமிப்பதற்கு அது வழி. தெருவிலே விற்போருக்குப் பிழைப்பும் ஆகும்.

நூடில்ஸோ சீனருடையது. 'குவைத்தியாவ்' என்னும் அதன் பெயரே தியோச்சூ மொழிச் சொல். அதே காலத்திலேதான் சீனர் கைக்கொண்டிருந்த தொழில்கள் பல தாய்லாந்தினருக்கென ஒதுக்கப்பட்டன. சீனச் சட்டியிலே சீன முறைப்படி வறுத்த உணவுக்குப் புளியும் பனங்கட்டியும் உலர்ந்த இறாலும் மீன்சாறும் சேர்த்து, நாட்டின் புதுப்பெயரையும் சூட்டிவிட்டனர். சுவையிற் குறை கூறுதற்கில்லை. ஆயினும் அதனைச் சீனத்தெருவிலே முதலில் விற்றவனுடைய பெயர் அதிலிருந்து துடைக்கப்பட்டது. இன்று தாய்லாந்தின் தனியுணவென்று அயல்நாட்டார் முதலிற் கேட்பதும் அதனையே.

1960களிலும் 1970களிலும் வியட்நாம் போரின் பொருட்டு அமெரிக்கப் படையினர் பலர் தாய்லாந்திலே தங்கியிருந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுச் சட்டம் 1965இல் தளர்ந்தபின் தாய்லாந்தினர் அங்குக் குடியேறினர். 1999இல் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் ஒரு பகுதிக்குத் தாய் நகரம் என்னும் பெயர் முறைப்படி அளிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டிலே தாய்லாந்து அரசாங்கம், ஏறத்தாழ 5,500 ஆக இருந்த வெளிநாட்டு உணவுச்சாலைகளை 8,000 ஆக உயர்த்தத் திட்டமிட்டது. தகுதியுடையவற்றுக்கு அந்நாட்டு வணிக அமைச்சு முத்திரையும் வழங்குகின்றது. 2024ஆம் ஆண்டு திசெம்பரிலே தொம் யம் குங், யுனெஸ்கோ நிறுவனத்தின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அரத்தையும் எலுமிச்சம்புல்லும் அதிற் பழையவை, மிளகாய் வந்தேறி.

எனவே, முத்திரை பெற்ற உணவுச்சாலையிலும் உண்மையான பழமையைத் தேடுவோர் தட்டிலே உள்ளதை விடுத்துப் பந்தியின் ஒழுங்கைக் கவனித்தலே தகும். சாறு முதலில், கறி பின்னர் என்னும் வரிசை அங்கில்லை. சோறு நடுநாயகமாக இருக்கும். உறைப்பு, புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகியவை ஒன்றையொன்று தணிக்குமாறு தெரிந்த பதார்த்தங்கள் ஒருங்கே வைக்கப்படும். யாவரும் பொதுவிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துத் தத்தம் சோற்றோடு உண்பர். முன்னாளில் கையால் உண்டனர். ஈசானில் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் கையாலேயே உருட்டி உண்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பியரிடமிருந்து கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் அரண்மனை ஏற்றது. சமையற்கட்டிலேயே யாவும் சிறிதாக நறுக்கப்படுவதாற் கத்தி வேண்டப்படவில்லை. சீனக் குச்சிகள் நூடில்ஸ் கிண்ணத்தோடு மட்டும் வரும். அயல்நாட்டு உணவுச்சாலையிலே விருந்தினர் சோற்றுக்கும் குச்சிகளைக் கேட்பதுண்டு. பரிமாறுவோர் மறுமொழி கூறாது கொணர்ந்து வைப்பர். கடையடைத்தபின் தாம் உண்ண அமரும்போது, வலக்கையிற் கரண்டியும் இடக்கையில் முள்ளுக்கரண்டியுமாக, நடுவிலே சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொள்வர்.