பதினான்கு கட்டுக்கு ஒரு சீட்டு குறைவு

இந்த வாரம் 1989. துறைமுகம் தொகுதியில் வென்று, 13 ஆண்டுகளுக்குப் பிறகு கலைஞர் மீண்டும் முதல்வராகக் கோட்டைக்குள் நுழைந்த கதைக்குத்தான் நாம் வர வேண்டும். ஆனால், அண்ணா நகரை அவசரமாகக் கடந்து துறைமுகத்துக்குப் போய்விட முடியாது. 1957ல் குளித்தலை, 2016ல் திருவாரூர், இடையில் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, சேப்பாக்கம் என்று 13 சட்டமன்றத் தேர்தல்கள். ஒன்றில்கூடத் தோற்காதவர் அவர். அந்தச் சாதனை மண்ணைக் கவ்வியிருக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டென்றால், அது 1980ல், அண்ணா நகரில்.

வித்தியாசம் 699 வாக்குகள்.

வாக்குச்சீட்டுக் காலம் அது. பெட்டியைத் திறந்து மேஜையில் கொட்டி, சின்னம் பார்த்துப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி அடுக்குவார்கள். 699 என்றால் பதினான்கு கட்டு. பதினான்காவது கட்டில் ஒரு சீட்டு குறையும். உதயசூரியனில் நின்ற கருணாநிதிக்கு 51,290. இரட்டை இலையில் நின்ற டாக்டர் ஹெச்.வி.ஹண்டேவுக்கு 50,591. ஒரு லட்சத்துக்கும் மேலான சீட்டுகளுக்கு நடுவில், ஒரு கையில் அள்ளிவிடக்கூடிய அந்தச் சில கட்டுகள்தான் ‘தோல்வியே காணாதவர்’ என்ற பட்டத்தைக் காப்பாற்றின.

இந்த ஹண்டேயைத் தமிழக அரசியல் வரலாறு ஒழுங்காகப் பேசவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். கோவையில் 1927ல் பிறந்தவர். தொழில்முறை மருத்துவர். ராஜாஜியின் சீடராகச் சுதந்திரா கட்சிக்கு வந்தவர். 1967ல் பூங்கா நகர் தொகுதியில் வென்றபோது அவர் தி.மு.க கூட்டணி வேட்பாளர். ஆம், அதே தேர்தலில் சைதாப்பேட்டையில் நின்ற கருணாநிதியும் அவரும் ஒரே அணி! 1971ல் ராஜாஜி எதிர்முகாமுக்குப் போனார். தி.மு.க 184 இடங்களை வாரிச் சுருட்டிய தேர்தல் அது. காமராஜரும் ராஜாஜியும் கைகோத்தும் கரைசேர முடியவில்லை. சுதந்திரா கட்சிக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்ததே ஆறு இடங்கள்தான். அந்த ஆறில் ஒன்று பூங்கா நகர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தொகுதியில் நிற்கத் தெரிந்தவர் என்று சொல்ல இதைவிட என்ன சான்று வேண்டும்?

ராஜாஜி மறைந்து, சுதந்திரா கட்சியும் கரைந்த பிறகு எம்.ஜி.ஆரிடம் வந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிராத இந்த மனிதர், பின்னாளில் கம்பராமாயணம் முழுவதையும் ஆங்கில உரைநடையில் தந்தார். அம்பேத்கரையும் அரசியல் சட்டத்தையும் பற்றிப் புத்தகம் எழுதினார். ஷெனாய் நகரில் அவர் பெயரிலேயே மருத்துவமனை இருக்கிறது. திராவிட இயக்கத்தின் மிகப் பெரிய பேச்சாளருக்கு எதிராக, மேடையில் முழங்கும் இன்னொரு நாவலரையோ, திரைக் கவர்ச்சி கொண்ட ஒருவரையோ எம்.ஜி.ஆர் தேடவில்லை. நடுத்தர வர்க்கத்தினரும் அரசு ஊழியர்களும் நிறைந்த அண்ணா நகருக்கு ஒரு டாக்டரை அனுப்பினார். எம்.ஜி.ஆரின் அரசியல் கணக்குகளில் இதுதான் மிகக் கூர்மையானது என்பேன்.

1977ல் இதே தொகுதியில் கருணாநிதி 43,076 வாக்குகள் பெற்று, அ.தி.மு.க.வின் ஜி.கிருஷ்ணமூர்த்தியை 16,438 வாக்குகளில் வென்றிருந்தார். தி.மு.க, அ.தி.மு.க, காங்கிரஸ், ஜனதா என்று நான்கு முனைப் போட்டி அப்போது. 1980ல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கைகோத்து நின்றது. அப்படியானால் வித்தியாசம் எகிறியிருக்க வேண்டும் அல்லவா? கருணாநிதியின் வாக்குகள் எட்டாயிரம் கூடின. இரட்டை இலைக்கோ 26,638லிருந்து 50,591க்குப் பாய்ச்சல், கிட்டத்தட்ட 24 ஆயிரம்!

இந்தப் பாய்ச்சலை ஹண்டேயின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க - இந்திரா காங்கிரஸ் கூட்டணி 39ல் 37 இடங்களை அள்ளியது. அ.தி.மு.க.வுக்குக் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். அடி வாங்கிய எம்.ஜி.ஆர் சுதாரித்துக்கொண்டார். இட ஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு விதித்த ஆணையைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவிகிதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார். அடுத்து டெல்லி அவருக்கு ஓர் உபகாரம் செய்தது. பிப்ரவரி 17 அன்று ஆட்சியைக் கலைத்தது.

1976 ஜனவரி 31 அன்று தன் ஆட்சி கலைக்கப்பட்டபோது அதை ஜனநாயகப் படுகொலை என்று உணர்ந்தவர் கலைஞர். நான்கே ஆண்டுகள் கழித்து, அதே இந்திராவின் அதே 356வது பிரிவு எதிராளியின் கழுத்தில் இறங்கியபோது அவர் எதிர்க்கவில்லை. கூட்டணி மேடையில் நின்றார். அவருடைய நீண்ட பொதுவாழ்வில் என்னால் சமாதானம் சொல்ல முடியாத இடம் இது. மாநில சுயாட்சிக்குத் தீர்மானம் போட்ட முதல்வர் அந்தக் கலைப்பை முதல் ஆளாகக் கண்டித்திருக்க வேண்டும். நான் என்ன குற்றம் செய்தேன் என்று எம்.ஜி.ஆர் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனார். மே மாத இறுதியில் மக்கள் பதில் சொன்னார்கள். அ.தி.மு.க 129, தி.மு.க 37. அண்ணா நகரில் கலைஞரும் அந்த வெள்ளத்தில்தான் நின்றார். வெள்ளத்தோடு போகாமல் நின்றார் என்பதும் சாதாரண விஷயமில்லை. வேறொருவராக இருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. தோற்ற டாக்டரைச் சும்மா விடவில்லை எம்.ஜி.ஆர். மேலவை வழியாக அழைத்து வந்து சுகாதாரத்துறை அமைச்சராக்கினார். 1984ல் எம்.ஜி.ஆரே அப்போலோவில் படுத்தபோது, தமிழ்நாடே செய்திக்காக எதிர்பார்த்த முகங்களில் ஒன்று ஹண்டேயுடையது. இன்னொரு பக்கம், கருணாநிதியின் வெற்றி செல்லாது என்று ஹண்டே உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்தார். முக்கியக் குற்றச்சாட்டு, பேன்சி பேனர்கள்! தொகுதியில் வைக்கப்பட்ட அலங்கார பேனர்களின் செலவைச் சேர்த்தால், வேட்பாளருக்குச் சட்டம் அனுமதித்த வரம்பைத் தாண்டிவிடும் என்பது அவர் வாதம். மனுவோடு ஒரு பேனரின் புகைப்படத்தையும் இணைத்தார்.

அந்தப் புகைப்படம்தான் வழக்கின் விதியை எழுதியது. தேர்தல் மனுவின் நகலை எதிர்மனுதாரருக்கு முழுமையாகத் தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கட்டாய விதி. கருணாநிதிக்குத் தரப்பட்ட நகலில் புகைப்படத்தின் பிரதி இல்லை. காப்புத்தொகை 2,000 ரூபாயைக் கட்டிய முறை பற்றியும் ஆட்சேபம் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆட்சேபத்தை அது ஏற்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, அது போதும் என்றது. ஆனால் புகைப்படம் மனுவின் பிரிக்க முடியாத பகுதி, அதன் நகல் இல்லாமல் தரப்பட்ட மனு நிற்காது என்று 1983ல் தீர்ப்பளித்தது. மனு தள்ளுபடி ஆனது. பேனர்களுக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. இன்றும் தேர்தல் வழக்கு தொடுக்கும் வழக்கறிஞர்கள் ‘கருணாநிதி எதிர் ஹண்டே’ தீர்ப்பைப் புரட்டாமல் மனு தயாரிப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனாலும் பணம் தேர்தலை விழுங்கிக்கொண்டிருக்கும் இந்நாளில் நின்று பார்க்கும்போது, பேனர் செலவு பற்றி அன்றே ஒரு முழு விசாரணை நடந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் என்ற மரியாதை ஹண்டேவுக்கு உரியது.

வாக்கிலும் வழக்கிலும் மயிரிழையில் தப்பிய அந்த நாற்காலியைக் கலைஞர் என்ன செய்தார் தெரியுமா? தீர்ப்பு வந்த சில மாதங்களில், 1983 ஆகஸ்டில், இலங்கைத் தமிழர் படுகொலையைக் கண்டித்துப் பேராசிரியர் அன்பழகனோடு சேர்ந்து ராஜினாமா செய்துவிட்டார். 1984 சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவே இல்லை. அண்ணா நகருக்கு வேட்பாளராக அதன் பிறகு அவர் திரும்பவும் இல்லை. அவருடைய 13 வெற்றிகளில் மிகக் குறைந்த வித்தியாசம் இந்த 699தான். அதற்கு அடுத்தது, 1991ல் துறைமுகத்தில் 890.

துறைமுகத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)